சுயம்பு நேரம்

எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கு ஏழு மணிக்கு நாற்காலி வேண்டுமென்றால் என் அண்ணன் சுயம்புலிங்கத்திடம் ஆறு மணி என்றுதான் சொல்வார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள். அண்ணன் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். ஆறு என்று சொன்ன இடத்துக்குச் சாவகாசமாகக் குளித்து, சாவகாசமாகத் திருநீறு பூசி, லோடு ஆட்டோவில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குப் போய் இறங்குவான். மண்டபத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. "பாத்தியா, நம்மூர்ல ஒருத்தனும் நேரத்துக்கு வரமாட்டான்" என்று குறைபட்டுக்கொள்வான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊரில் 'சுயம்பு நேரம்' என்று பெயர். அண்ணனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பொண்டாட்டி தங்கபுஷ்பம் மதினிகூடக் கோவிலுக்குக் கிளம்பும்போது சுயம்பு நேரம்தான் சொல்வாள். நானும் அப்படித்தான். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இருந்ததில்லை.

எனக்கு ஆனைப்பாறை மழை எச்சரிக்கை நிலையத்தில் வேலை. எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே மலையில் மேகம் உடைந்து கொட்டினால் கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தும்பியாற்றில் செந்தண்ணீர் இறங்கிவிடும். மழை பார்த்துப் பழகியவர்கள்தான் நாங்கள், ஆனால் மழையே பெய்யாமல் வருகிற வெள்ளத்தை யார் எதிர்பார்ப்பார்கள்? அதற்காகத்தான் மலையெங்கும் மழைமானிகளும் உச்சியில் ஒரு ரேடாரும் வைத்து, எந்த வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, அந்த வீட்டுக்காரருக்கே போன் செய்து சொல்கிற இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். அதன் பெயர் முந்தி.

முந்திக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தது நான். முதலில் அது அரசாங்கத் தமிழ் பேசிக்கொண்டிருந்தது. "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு" என்று ஆரம்பிக்கும். ஆற்றங்கரைத் தெருவில் யாரும் தன்னைத் தாழ்வான பகுதி என்று நினைப்பதில்லை. அதனால் எங்கள் பேச்சிலேயே, "ஆத்துல தண்ணி வருது. மூணு மணிக்குள்ள உங்க வாசல்ல ஏறிரும். பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போயிருங்க" என்று சொல்ல வைத்தேன். ஊருக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள்.

முதல் வருஷம் முந்தி உண்மையான நேரத்தைத்தான் சொன்னது. செல்லக்கனி என்று ஓர் ஆட்டு வியாபாரி. மூன்று மணி என்று அவருக்குச் சொன்னபோது மணி இரண்டரை. அரை மணி நேரம் இருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். டீ போடச் சொல்லிக் குடித்தார். பெண்டாட்டி பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு, "நேரம் இருக்குல்லா, ஆட்டை அவுத்துட்டு வாரேன்" என்று கொல்லைப்பக்கம் போனார். தண்ணீர் சரியாக மூன்று மணிக்கு வந்தது.

மறுநாள் நிலையத்தில் ஷம்சாத் அழுதுகொண்டே கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முந்தியின் மூளையைக் கவனித்துக்கொள்கிற பொறியாளர் அவள்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு நிமிசம்கூடத் தப்பில்லக்கா. கரெக்டாத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.

"கரெக்டா சொன்னதுதான் தப்பு" என்றேன்.

அவளிடம் சுயம்பு நேரத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி முன்னால் தள்ளிச் சொன்னால் இரண்டே தடவையில் ஊர் அதைக் கழித்துப் பார்க்கப் பழகிவிடும் என்றாள். ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொல்லலாம். போன் அடித்த பிறகு ஒருவர் வீட்டைவிட்டு நகர எவ்வளவு நேரம் எடுக்கிறார், மேட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் அவரவர் கைப்பேசியே சொல்லிவிடும். சோம்பேறிக்கு நிறைய முந்திச் சொல்லலாம், சுறுசுறுப்பானவருக்கு உள்ளபடி சொல்லலாம்.

"ஆனா இது ஏமாத்து வேலைக்கா. ஒருநாள் தெரிஞ்சிட்டுன்னா, அப்புறம் நாம உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

செல்லக்கனியின் வீட்டுக்குப் போய் அவர் பெண்டாட்டியிடம் இந்த நியாயத்தைச் சொல்லிவிட்டு வா என்றேன். நான் அப்படிச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். அவள் கடைசியில் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். யாருக்கு எவ்வளவு முந்திச் சொல்கிறது என்பதை நாங்கள் உட்பட யாரும் பார்க்கக் கூடாது, வெள்ளச் சேதம் வந்து விசாரணை நடந்தால் மட்டும் திறந்து பார்க்கலாம். ஒரு மனிதர் எவ்வளவு மெத்தனம் என்பது இயந்திரத்துக்குத் தெரிந்தால் போதும், அண்டை அயலுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளம் வந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

வேறொரு வம்புதான் வந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாசற்படி உயரத்தைப் பொறுத்து நேரம் மாறும் என்று விளக்கம் கொடுத்துச் சமாளித்தோம். ஊர் அந்த விளக்கத்தை வாங்கிக்கொண்டு தனக்குப் பிடித்த அர்த்தத்தைச் செய்துகொண்டது. யாருக்கு முந்தின நேரம் சொல்கிறதோ அவர்தான் முக்கியமானவர். கோவில் கொடையில் யாருக்கு முதல் தாம்பூலம் என்று அடித்துக்கொள்கிற ஊர் இது. "அவனுக்கு மூணு மணி, எனக்கு மூணரையா? நான் என்ன தக்காளித் தொக்கா?" என்று வார்டு மெம்பரே நிலையத்துக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். தெருவிலேயே முந்தின நேரம் அண்ணனுக்குத்தான் சொல்லும். டீக்கடையில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுயம்புவை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு என்பான். நான் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடிப்பேன்.

எனக்கு மட்டும் முந்தி உண்மையைத்தான் சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஏனென்றால் நான் தாமதிக்கிற ஆள் இல்லை. என் வீடு அண்ணன் வீட்டுக்கு நாலு வீடு மேலே. போன் அடித்தவுடன் செருப்பை மாட்டிவிடுவேன். கீழே இறங்கி அண்ணனுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவன் எதிர்வீட்டு பேபி டீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் பூட்டைத் தேடுகிறவரை நின்றுவிட்டு, நேரே மேட்டுக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்களுக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது. ஏழு மணிக்கு நாற்காலி வேண்டும் என்று அண்ணனிடம் ஏழு மணி என்றே சொல்லிவிட்டார்கள். அவன் எட்டுக்குப் போய் இறங்கும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது. வந்த கூட்டம் முழுக்க நின்றுகொண்டே அட்சதை போட்டிருக்கிறது. பெண்ணின் அப்பா கோபத்தில் கத்த, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சம்பந்தி, சுயம்புகிட்ட ஒரு மணி நேரம் முந்திச் சொல்லணும்னு உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு" என்றாராம். மண்டபமே சிரித்ததாம்.

அன்றைக்கு அண்ணன் என் வீட்டுக்கு வேகமாக வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முந்தியும் அப்படித்தானாட்டி?"

டீக்கடையில் குனிந்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டேன். அவனுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"இருவது வருசமா ஊர்ல நான் ஒருத்தன்தான் நேரத்துக்குப் போறேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். எல்லாருமா சேந்து என்னைச் சின்னப்பிள்ள மாதிரி வச்சிருந்திருக்கிய. நீயுமா?"

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்துபோய்க் கேட்டான். என் எதிரிலேயே கைப்பேசியை எடுத்து முந்தியின் எண்ணைத் தடுத்துவைத்தான். மதினியின் போனிலும் அப்படியே செய்யச் சொன்னான். "இனிமே எனக்கு ஒருத்தரும் நேரம் சொல்ல வேண்டாம். ஆத்தை எனக்குப் பாக்கத் தெரியும்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஷம்சாத் சொன்ன மாதிரியே நடந்துவிட்டது. அண்ணன் என்னோடு பேசாதது ஒரு பக்கம், அடுத்த வெள்ளத்தில் அவனை யார் கூப்பிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். சோறு இறங்கவில்லை எனக்கு.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. மத்தியானம் நல்ல வெயில். மேற்கே மலைமேல் மட்டும் கறுத்துக் கிடந்தது, இடி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. மூன்றரைக்குப் போன் அடித்தது. "மலையில பெரிய மழை. நாலு மணிக்குள்ள உங்க வாசல்ல தண்ணி ஏறிரும். உடனே கெளம்புங்க." நான் கற்றுக்கொடுத்த குரல்தான். எனக்கு நாலு என்றால் நாலேதான் என்று நினைத்துக்கொண்டேன். கீழே இருக்கிற அண்ணனுக்கு அதற்கும் முன்னால்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். பேபி டீச்சர் மகள் வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. தெருவில் ஆட்கள் பையும் குழந்தையுமாக மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் எதிரே இறங்கினேன்.

அண்ணன், வாடகைச் சாமான்களைப் போட்டுவைக்கிற கிட்டங்கிக்கு முன்னால் வெட்டவெளியில் பந்தலுக்கான இரும்புக் குழாய்களைத் தோளில் தூக்கி லோடு ஆட்டோவில் அடுக்கிக்கொண்டிருந்தான். மேலே வானம் வெட்டி வெட்டி மின்னியது. "குழாயைக் கீழ போடுண்ணே. இடி விழ எடம் காட்டுதியா?" என்று கத்தினேன். இரண்டு மாதத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் குழாயைப் போட்டான், ஆனால் வேலையை விடவில்லை. கிட்டங்கிக்குள் போய் அண்டாக்களை உருட்டி வெளியே கொண்டுவர ஆரம்பித்தான். அவனுடைய பிழைப்பு மொத்தமும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் இருந்தது. அதை விட்டுவிட்டு வா என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை.

எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றித் தரைப்பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விடலாம் என்பது அவன் திட்டம். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். நான் பாலத்தைப் பார்த்தேன். தண்ணீர் அளவு கொஞ்சம்தான். ஆனால் நிறம் மாறியிருந்தது. காய்ந்த சருகும் சுள்ளியும் சுழித்துக்கொண்டு வந்தன. கணுக்கால் தண்ணீர் முழங்காலுக்கு வர நாலு மூச்சு போதும், முழங்கால் தண்ணீர் வண்டியையே புரட்டிவிடும் என்று நிலையத்தில் ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவள் நான். ஆட்டோவிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சாவியைக் குடுட்டி."

"தர மாட்டேன். நடந்து மேட்டுக்கு ஏறு."

"இன்னும் நேரம் இருக்கு. எனக்குத் தெரியும், உன் மிசின் எப்பவும் முந்தித்தான் சொல்லும்."

"உனக்குத்தான் முந்திச் சொல்லும். எனக்கு உள்ளதைத்தான் சொல்லும். நாலுன்னு சொல்லிட்டுண்ணே."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த அண்டாவை உருட்டினான். மதினி ஒரு துணிப்பையோடு வாசலில் நின்று, அவனையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பார்த்தேன். நாலு ஆகியிருந்தது.  இனி ஓடினாலும் தப்ப முடியாது என்றுதான் உண்மையில் நினைத்தேன். அந்த நினைப்பில் அழுகைகூட வரவில்லை. ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு ஆயிட்டுண்ணே. இப்ப வந்துகிட்டிருக்கும். நீ வராம நான் போகப்போறதில்ல."

 மதினி என் பக்கத்தில் வந்து இன்னொரு அண்டாவின் மேல் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு கையிலிருந்த கரண்டிக் கட்டைக் கீழே போட்டான். "எந்திரிங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு மதினியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பாலத்தின் பக்கம் திரும்பாமல் பள்ளிக்கூடத்துப் பாதையில் ஏறினோம். அதற்குள் ஊருக்குள்ளும் மழை பிடித்துக்கொண்டது. இடிக்குப் பயந்து, பாதையில் நிற்கிற வாகை மரத்தடியில் ஒதுங்காமல் நனைந்துகொண்டே நடந்தோம். ஒவ்வொரு அடியிலும் பின்னால் இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தெருவே கூடியிருந்தது. வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டியும் ஆயிற்று. தண்ணீர் வரவில்லை. அண்ணன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். கீழே கிட்டங்கி தெரிந்தது, வெளியே உருட்டி வைத்த அண்டாக்கள் மழையில் பளபளத்தன.

"நாலுன்னு சொல்லிட்டுன்னியே. நாலே கால் ஆகப்போவுது. பத்து நிமிசத்துல அத்தனையையும் பரண்ல ஏத்திருவேன்" என்று படியில் காலை வைத்தான்.

 கணக்குத் தவறிவிட்டது என்றால் இனி யாரும் எங்களை நம்ப மாட்டார்கள். தவறவில்லை என்றால் என் அண்ணன் இப்போது சாகப் போகிறான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்பினான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தவன், மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"ஏட்டி இசக்கி, உனக்கும் சுயம்பு நேரம்தான்டி போட்டிருக்கு."

"நான் என்ன உன்னை மாதிரியா? போன் அடிச்ச ஒடனே கெளம்பிட்டேன்."

"கெளம்பி எங்க வந்தே?"

"உன் வீட்டுக்கு."

"அதான்" என்றான்.

படியிலிருந்து காலை எடுத்துவிட்டு உள்ளே வந்து, சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்துகொண்டு, மதினியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஊரில் தான் மட்டும் இல்லை என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் இரண்டு மாதமாக என்ன பாடுபட்டிருப்பான் என்பது அந்தப் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் சிரித்து முடித்து வெகு நேரம் கழித்து, ஐந்து மணி வாக்கில், மலைப்பக்கம் லாரி கூட்டமாக வருகிற மாதிரி இரைச்சல் கேட்டது. எல்லாரும் சன்னலுக்கு ஓடினோம். தண்ணீர் தரைப்பாலத்தை முழுங்கி, கிட்டங்கியின் தகரத்தைப் பெயர்த்து, லோடு ஆட்டோவைப் புரட்டிக்கொண்டு போனது. அண்டாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மிதந்து போயின. அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தான். மதினி அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவனுக்குக் கேட்காமல் அழுதேன், பொருள் போனதற்காக இல்லை.

விசாரணை வந்தது. ஷம்சாத் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று சொன்னாள். வெள்ளத்துக்கு வெள்ளம் கூட்டிக்கொண்டே வந்து, இந்தத் தடவை ஆற்றங்கரைத் தெருவிலேயே அதிகமாக முந்திச் சொன்னது எனக்குத்தானாம், முழுசாக ஒரு மணி நேரம். தடுத்துவைப்பதற்கு முன்னால் அண்ணனுக்குச் சொன்னது முக்கால் மணி நேரம்.

"கோவப்படாதீங்கக்கா. நீங்க லேட்டாக் கெளம்புற ஆளு இல்ல. எதுத்த பக்கமாக் கெளம்புற ஆளு. மூணு வெள்ளத்துலயும் நீங்க மொதல்ல கீழதான் எறங்கியிருக்கீங்க. முந்திக்கு அது மட்டுந்தான் தெரியும்."

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என்னைப் பற்றி என்னைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஐந்து என்று உள்ளபடி சொல்லியிருந்தால் நாலே முக்கால் வரைக்கும் அண்ணனோடு வாதாடிக்கொண்டு அந்த அண்டாவிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வந்தான். ஆற்றோரம் போய்ப் பாதி அண்டாக்களைத் தேடி எடுத்துவிட்டானாம், எல்லாம் நசுங்கிக் கிடக்கிறதாம். முந்தியின் எண்ணைத் திரும்பவும் திறந்துவிட்டதாகச் சொன்னான். காபியை ஊதிக்கொண்டே சும்மா கேட்பதுபோல் கேட்டான்.

"வெசாரணையில எல்லாத்தையும் பாத்தாங்களாமே. நம்ம தெருவுல யாருக்கு ரொம்ப முந்திச் சொல்லுது?"

"உனக்குத்தாண்ணே. உனக்கப்புறம்தான் மத்தவங்க."

அவன் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவன் வாசலில் நின்று செருப்பைத் தேடினான்.

"அடுத்த தடவை போன் அடிச்சா நீ கீழ எறங்கி வராத. ஒன் வாசல்லயே நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

கார்த்திகையில் ஒரு காலையில் போன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கீழே இறங்கக் கால் பரபரத்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனை நம்பி நிற்கிறோமே என்றிருந்தது. பேபி டீச்சரும் பையோடு அங்கே கீழேதானே இருக்கிறார்கள் என்று வேறு நினைப்பு ஓடியது.

தெருமுனையில் அவன் தெரிந்தான். குளிக்கவில்லை, திருநீறு பூசவில்லை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு கையில் பேபி டீச்சரின் பை, டீச்சர் அவன் பின்னால், அவர்களுக்குப் பின்னால் மதினி. என் வாசலுக்கு வந்து மூச்சு வாங்க நின்றான்.

"நேரம் ஆயிட்டுட்டி, வா" என்றான்.

அதை அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.